அரிப்பு என்று கடைக்கு வருகிறவர்களுக்கு

ரங்கூன் தாம்வேயில் என் தம்பி நடத்தும் மருந்துக்கடையில் மாலை நான்கு மணிக்கு மேல் நான் உட்காருகிறேன். 31 ஆண்டு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வரும் பெண்கள் முதலில் தலைவலி மாத்திரை கேட்பார்கள். பிறகு ஒரு சோப்பு. ஆண்கள் யாராவது நின்றால் அவர்கள் போகும் வரை ஷாம்பு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்கள். கடைசியில் குடையை விரித்துக்கொண்டே, போகிற போக்கில் சொல்வதுபோல், "அக்கா, சூட்டுக்கு ஏதாவது கொடுங்களேன்" என்பார்கள்.

சூடு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நம் பெண்கள் எத்தனை வியாதியை அடைத்து வைத்திருக்கிறார்கள்! நீர் கடுத்தால் சூடு. வெள்ளைப்பட்டால் சூடு. கீழே அரித்தாலும் சூடு, நாறினாலும் சூடு. அதற்கு இளநீர், வெந்தயம், அதிலும் அடங்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி மிச்சம் வைத்த குழாய் மருந்து. இளநீரைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, குடியுங்கள். குழாயைப் பிதுக்குவதற்கு முன் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கு வந்திருப்பது பூஞ்சைத் தொற்றா, வேறெதுவுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதிப் பேர் அங்கேதான் தவறுகிறார்கள்.

வெள்ளைப்படுவதெல்லாம் நோய் இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல் வழவழவென்று வரும். பிறகு கெட்டியாகும். கர்ப்பத்தில் கூடுதலாகவே வரும். உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா இருந்து புளிப்பை உண்டாக்கிக் காவல் காக்கிறது; அமிலத்தை அளக்கும் காகிதத்தில் பார்த்தால் 3.8இலிருந்து 4.5 வரை காட்டும். வாடை இல்லாமல், அரிக்காமல், எரியாமல் வருகிற வெள்ளைக்கு மருந்து தேவையில்லை. உள்ளாடையில் காய்ந்து மஞ்சளாகத் தெரிந்தாலும் அதேதான்.

பூஞ்சை வந்தால் முதலில் அரிப்பு. சாதாரண அரிப்பு இல்லை. கோயிலில் நிற்க முடியாது, பஸ்ஸில் உட்கார முடியாது, இரவில் தூக்கத்திலேயே சொறிந்து காலையில் பார்த்தால் கீறல் இருக்கும். வெளித்தோல் சிவந்து வீங்கும். சிறுநீர் கழிக்கும்போது எரியும். இந்த எரிச்சல் உள்ளே சிறுநீர்க் குழாயில் இருக்காது, நீர் பட்டுப்போன வெளித்தோலில் இருக்கும். இதைக் கவனித்துச் சொன்னால் டாக்டருக்குப் பெரிய உதவி, ஏனென்றால் உள்ளுக்குள் எரிந்து அடிக்கடி போகத் தோன்றினால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். வெள்ளை வந்தால் அது பால் திரிந்து ஒதுங்கும் திப்பி போல் கட்டி கட்டியாக இருக்கும். சிலருக்கு வெள்ளையே இருக்காது, அரிப்பும் சிவப்பும் மட்டும்தான். வாடை பெரிதாக இருக்காது. இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்.

பார்க்கச் சொல்கிறேனே, எப்படிப் பார்ப்பது? கதவைத் தாழிட்டுவிட்டு, பகல் வெளிச்சம் விழும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, கீழே ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். மூன்று பிள்ளை பெற்றவர்கள்கூட இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். பிரசவ வார்டில் நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம், உங்களுடையதை நீங்கள் பார்ப்பதற்கு என்ன? சிவப்பு, வீக்கம், வெடிப்பு, திப்பி இவை தெரிந்தால் பூஞ்சைப் பக்கம் எண்ணம் போகலாம். கொப்புளமோ புண்ணோ தெரிந்தால் கண்ணாடியை வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் லைங்தயா தையல் ஆலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். 22 வயது, ஐந்து பேருடன் ஒரே அறையில் தங்கியிருக்கிறாள். பூஞ்சைக்கென்று பெண்ணுறுப்புக்குள் வைக்கும் உள்வைப்பு மாத்திரையை மூன்று முறை வாங்கி வைத்தும் தீரவில்லை என்றாள். "வாடை இருக்கிறதா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மீன் வாடை" என்றாள். வெள்ளை எப்படி? தண்ணீராக, சாம்பல் நிறத்தில். அரிப்பு? அதிகம் இல்லை. அவளுக்குப் பூஞ்சையே இல்லை. உள்ளே காவலிருக்கும் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகிக்கொண்ட நிலை அது. பூஞ்சை மருந்தை முப்பது வைத்தாலும் தீராது. அதற்கு மெட்ரோனிடசோல், டாக்டர் பார்த்து 7 நாளுக்கு எழுதினார். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து, நாற்றமும் அரிப்பும் சேர்ந்து வந்தால் அது ட்ரைக்கோமோனஸ் என்ற இன்னொரு கிருமியாக இருக்கலாம். அது உடலுறவில் தொற்றுவது, கணவனுக்கும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

அந்தப் பெண் மட்டும் ஏமாறவில்லை. தங்களுக்குப் பூஞ்சைதான் என்று நம்பிக் கடையில் மருந்து வாங்கிய பெண்களை அமெரிக்காவில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; 2002இல் வெளியான ஆய்வு அது. மூவரில் ஒருவருக்குத்தான் உண்மையில் பூஞ்சை மட்டும் இருந்தது. படித்தவர்கள் நிறைந்த ஊரில் அந்தக் கணக்கு. ஆகவே முதல் முறை வருகிறவர்களுக்கு நான் மருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, டாக்டரிடம் அனுப்புகிறேன். தம்பிக்கு இதில் வருத்தம் உண்டு.

டாக்டர் சந்தேகப்பட்டால் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வார். வலி இல்லை, அரை நிமிட வேலை. பயிற்சிக் காலத்தில் எங்கள் ஆய்வுக்கூடப் பெரியவர் எனக்கு அதைக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்ணாடித் துண்டில் தடவியதன் மேல் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். உடனே மூக்கருகில் பிடித்து முகர்ந்தார். மீன் வாடை எழும்பினால் அது அந்தத் தையல் ஆலைப் பெண்ணின் வியாதி, எழும்பவில்லை. சற்றுப் பொறுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். தோல் செல்களெல்லாம் மருந்தில் கரைந்து தெளிந்துவிட்டிருந்தன. பூஞ்சையின் சுவர் மட்டும் கரையவில்லை. மூங்கில் கழிகளைச் சாய்த்துப் போட்டதுபோல் நீண்ட இழைகள், கணுவுக்குக் கணு கடுகு முளைத்ததுபோல் மொட்டுகள். "இவள்தான் கேண்டிடா" என்றார். அவருக்குக் கிருமிகளெல்லாம் பெண்பால்தான். நான் அப்போது கோபித்துக்கொள்ளவில்லை, இப்போது கோபம் வருகிறது.

இந்தக் கேண்டிடா வெளியிலிருந்து படையெடுத்து வருவது இல்லை. பத்துப் பெண்களில் ஒருவர் இருவருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் உள்ளேயே குடியிருக்கும். ஆய்வு அறிக்கையில் கேண்டிடா என்று எழுதியிருக்கிறது, அரிப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை என்றால் வைத்தியம் வேண்டாம். வாழ்நாளில் நான்கில் மூன்று பெண்களுக்கு ஒரு முறையாவது இது வரும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும். ஒரு தாய் என் கடை வாசலிலேயே மகளை அடிக்கக் கை ஓங்கினார், "எங்கே போய் வாங்கி வந்தாய்?" என்று. அந்தப் பெண் போன வாரம் தொண்டை வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாள். அங்கேதான் வாங்கி வந்தாள், ஏதோ ஒரு மருந்துக்கடையில்.

காரணங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். நம் ஊரில் காய்ச்சல், மேல்வலி என்று போனால் பெயர் எழுதாத நான்கைந்து மாத்திரைகளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அதில் ஆன்டிபயாடிக் இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். முதலாவது நல்ல பாக்டீரியாவைக் கொல்கிறது, இரண்டாவது உடம்பின் எதிர்ப்பை அடக்குகிறது. பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகவே என் முதல் கேள்வி எப்போதும், "போன மாதம் என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" இரண்டாவது, "நாள் தள்ளியிருக்கிறதா?" மூன்றாவது, "சர்க்கரை உண்டா?"

சிரியத்திலிருந்து வரும் ஒரு அம்மாவிடம் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டேன். தன்லின் என்பது இன்றைய பெயர், எங்களுக்குச் சிரியம்தான். 48 வயது, கனமான உடம்பு, கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பவர். ஒரு வருடத்துக்குள் நான்காவது முறையாகக் குழாய் மருந்து கேட்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விரலில் குத்திப் பார்த்தேன், 312. அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியும், மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்தான் நினைத்தால் சாப்பிடுவதும் நினைத்தால் நிறுத்துவதுமாக இருந்திருக்கிறார். சர்க்கரை ஏறி நிற்கும்போது பூஞ்சைக்கு விருந்து வைத்ததுபோல்தான். மேலே எவ்வளவு தடவினாலும் நிற்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று புதிதாக வந்துள்ள சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளி வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள். ஆனால் இவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கீழே பூஞ்சை வருவது தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

சரி, பூஞ்சைதான் என்று தெரிந்துவிட்டது, இதற்கு முன்பும் டாக்டர் பார்த்து அதையே சொல்லியிருக்கிறார், கர்ப்பம் இல்லை, சர்க்கரை இல்லை. அப்படியானால் வைத்தியம் எளிது. குளோட்ரிமசோல் உள்வைப்பு மாத்திரை 500 மில்லிகிராம் ஒரே இரவு, அல்லது 200 மில்லிகிராம் மூன்று இரவு, அல்லது 100 மில்லிகிராம் ஆறு ஏழு இரவு. எது கிடைக்கிறதோ அது. ஒரே நாளில் முடிவது வீரியமானது, ஏழு நாள் மருந்து மட்டமானது என்று நினைக்க வேண்டாம், மொத்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. வெளித்தோல் அரிப்புக்கு அதே மருந்தின் 1 சதவீதக் கிரீமை நாளுக்கு இரண்டு மூன்று முறை மெல்லிசாகத் தடவலாம். ஒழுங்காக முடித்தால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குத் தீர்ந்துவிடும்.

வைக்கும் விதத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் கெட்டுப்போவது இங்கேதான். ஒரு பெண் இந்த மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, "ரொம்பப் பெரிது அக்கா, தொண்டையில் நின்றுவிட்டது" என்றாள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் குழல் ஒன்று இருக்கும். தின்ஜான் என்ற தண்ணீர்த் திருவிழாவில் பிள்ளைகள் வைத்துக்கொண்டு ஓடும் பீச்சாங்குழல்தான், சின்னதாக. பின்தண்டை வெளியே இழுத்து, முன்வாயில் மாத்திரையைப் பொருத்துங்கள், உருண்ட முனை வெளிப்பக்கம். படுக்கப் போகும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குழலை மெதுவாக, வலிக்காத மட்டும் உள்ளே விட்டுத் தண்டை அழுத்துங்கள். குழலை எடுத்துவிட்டு அப்படியே தூங்குங்கள். வைத்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனால் மருந்து கீழே இறங்கிவிடும். உள்ளே வறட்சி உள்ளவர்கள் மாத்திரையின் முனையைக் கொதித்து ஆறிய நீரில் ஒரு நொடி நனைத்துக்கொள்ளுங்கள், ஈரம் இல்லாவிட்டால் அது கரையாது. காலையில் சுண்ணாம்புத் தூள் போல் வெளியே வரும், அது மிச்ச மருந்து, பயப்பட வேண்டாம். அன்று ஒரு பேட் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வைக்கும் டாம்பன் வேண்டாம், மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மாதவிலக்கு ஓடும் நாளில் தொடங்க வேண்டாம். இந்த மருந்தின் பசை ஆணுறை ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மின்சாரம் போய்ப்போய் வரும் சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை. மெழுகு போன்ற உள்வைப்பு மருந்துகள் உருகிக் குழைந்துவிடும். ஃபிரிட்ஜை நம்ப முடியாத நாளில் நான் டப்பாவை மண்பானைக்கு அடியில், ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கச் சொல்கிறேன். வில்லையாக இருக்கும் மாத்திரைக்கு இந்தப் பாடு இல்லை.

வைத்துக்கொள்ள மனமில்லாதவர்களுக்கு வாய்வழியாக ஃபுளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே ஒரு காப்ஸ்யூல். சாப்பிட்ட அன்றே தீர வேண்டும் என்று மறுநாள் இன்னொன்று வாங்க வருகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஒன்றே உள்ளே மூன்று நாள் வேலை செய்யும். கடுமையாக வீங்கி வெடித்திருந்தால் டாக்டர் மூன்று நாள் கழித்து இரண்டாவது கொடுப்பார், அது அவர் முடிவு. இந்த மருந்து மற்ற மருந்துகளோடு சண்டை போடும் குணமுள்ளது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு வரலாம். கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கலாம். சில கொழுப்பு மாத்திரைகளோடும் ஆகாது. ஆகவே சாப்பிடும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் காப்ஸ்யூல் கூடாது. அவர்களுக்கு உள்வைப்பு மருந்து மட்டும், அதுவும் ஏழு இரவு, அதுவும் டாக்டர் பார்த்த பிறகு. குழலுக்குப் பதில் சுத்தமான விரலால் வைக்கச் சொல்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்தைப் பஞ்சில் தோய்த்துப் பூசுவோம். நோயாளியின் கைலி, படுக்கை விரிப்பு, எங்கள் விரல்கள் எல்லாம் ஊதா. வார்டுக்கு வெளியே காயும் துணியைப் பார்த்தே உள்ளே எத்தனை பேருக்கு என்று எண்ணிவிடலாம். பிறகு நிஸ்டாட்டின் மாத்திரை வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அந்த மருந்தை எடுத்து 1950இல் உலகுக்குச் சொன்னவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். அவர்கள் வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் மருந்துக்கு வைத்தார்கள். அது பதினான்கு இரவு வைக்க வேண்டிய மருந்து, யாரும் பதினான்கும் முடித்து நான் பார்த்ததில்லை.

இப்போது கடைகளில் அதிகம் ஓடுவது மூன்று மருந்து கலந்த கிரீம். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அதோடு வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. தடவிய அரை மணியில் அரிப்பு நிற்கும், அதனால்தான் எல்லோருக்கும் அதன்மேல் அப்படி ஒரு காதல். அரிப்பு அடங்குவது ஸ்டீராய்டால். விட்டதும் இரண்டு மடங்காக வரும், மறுபடி தடவுவார்கள், தோல் சிகரெட் தாள் போல் மெலியும். 67 வயதுப் பாட்டி ஒருவர் ஒரு வருடம் இப்படித் தடவியிருந்தார். மாதவிலக்கு நின்ற பிறகு பூஞ்சை அவ்வளவாக வருவதில்லை, அந்த வயதில் அரித்தால் வேறு காரணம் தேட வேண்டும். அவருக்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். தோல் வெளுத்துச் சுருங்கி இருந்ததைக் கண்ணாடியில் பார்த்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். வேடிக்கை என்னவென்றால் அந்த நோய்க்கு ஸ்டீராய்டு களிம்புதான் வைத்தியம். ஆனால் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டர் கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும், ஆண்டுக்கொரு முறையாவது பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். தயிரைச் சாப்பிடுங்கள், உள்ளே வைக்காதீர்கள். பூண்டு வைத்தால் தோல் புண்ணாகிவிடும். மஞ்சளும் வேப்பிலையும் அம்மனுக்கு உகந்தவை, வெடித்த தோலுக்கு உகந்தவை அல்ல. முகத்துக்குக் குளிர்ச்சி தருகிறதே என்று தனக்கா மரப்பட்டையை அரைத்து அங்கே பூசிக்கொண்டவரையும் பார்த்தேன். டெட்டால், வினிகர், வாசனைச் சோப்பு எதுவும் வேண்டாம். உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது நல்ல பாக்டீரியாவை அடித்துக்கொண்டு போகும். வெளியே வெறும் தண்ணீர் போதும், முன்னிருந்து பின்னாக. பிறகு ஒற்றித் துடைத்து ஈரம் போக்குங்கள். அரிப்பு தாங்காதபோது குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும்.

துணி விஷயத்தில் இந்த நாட்டுப் பெண்களுக்கு ஒரு தனிக் கஷ்டம். ஆண்கள் நடக்கும் இடத்துக்கு மேலே பெண்ணின் கைலி தொங்கினால் ஆணின் 'ஃபோன்' என்கிற மகிமை குறைந்துவிடும் என்று பர்மியர் நம்புகிறார்கள். நாமும் அதைக் கடன் வாங்கிக்கொண்டோம். அதனால் பெண்கள் உள்ளாடையை வீட்டின் பின்மூலையில், துண்டுக்கு அடியில், வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒளித்துக் காயவைக்கிறார்கள். ஆனி முதல் ஐப்பசி வரை மழை. அது காயாது, பாதி ஈரத்தோடு உடுத்துகிறார்கள். கணவரின் மகிமை எக்கேடு கெட்டாலும் உங்கள் துணியை வெயிலில் போடுங்கள். மழை நாளில் இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய். பருத்தியே நல்லது. வீட்டில் இருக்கும்போது தளர்ந்த கைலி மட்டும் போதும், காற்றோட்டத்துக்கு அதைவிட நல்ல உடை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தின்ஜானில் நாள் முழுக்க நனைந்த ஜீன்ஸோடு திரிகிற பெண்களே, தீமிதிக்கு நேர்ந்துகொண்டு ஈர மஞ்சள் சேலையோடு மணிக்கணக்கில் நிற்கிறவர்களே, முடிந்ததும் முதல் வேலையாக உலர்ந்த துணிக்கு மாறுங்கள்.

கணவருக்கு? அவருக்குத் தொந்தரவு இல்லையென்றால் மருந்து வேண்டாம். உறுப்பின் முனையில் சிவந்து அரித்தால் அவருக்கும் கிரீம் உண்டு, அவரையே வந்து வாங்கச் சொல்லுங்கள். தம்பி இருக்கும் நேரம் காலை எட்டிலிருந்து நான்கு.

கடையை விட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டியவர்கள்: முதல் முறை வந்தவர்கள், கர்ப்பிணிகள், பதினாறு வயதுக்குக் கீழும் அறுபதுக்கு மேலும் உள்ளவர்கள், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருப்பவர்கள், ரத்தமோ நாற்றமோ புண்ணோ கண்டவர்கள், மருந்து வைத்து ஒரு வாரமாகியும் தீராதவர்கள், ஆறு மாதத்தில் இரண்டாவது முறைக்கு மேல் வருகிறவர்கள். பர்மிய டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லித் திரும்பாதீர்கள். 'அப்யூ சின்' என்றால் வெள்ளைப்படுதல். 'வெள்ளை இறங்குகிறது' என்பதுதான் அதன் பொருள், நம் சொல்லேதான். 'யாடெ' என்றால் அரிக்கிறது. இந்த இரண்டு சொல் போதும், மீதியை ஸயாமா, அதாவது டாக்டரம்மா, கேட்டுக்கொள்வார். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆண்டில் மூன்று முறைக்கு மேல் வந்தால் அதற்கு வேறு கணக்கு. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் கேண்டிடாவிலேயே கிளாப்ரேட்டா என்ற வகைக்கு வழக்கமான மருந்துகள் அவ்வளவாக வேலை செய்யாது. ரத்தத்தில் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்க்கச் சொல்வார்கள். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, வழக்கம் அது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வழக்கமான வகைதான் என்றால் ஃபுளூகோனசோலை மூன்று நாளுக்கொன்றாக மூன்று முறை கொடுத்து அடக்கிவிட்டு, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம் தருவார்கள்.

சிரியத்து அம்மாவுக்கு அந்த வைத்தியம்தான் நடக்கிறது. டாக்டர் முதலில் அவருடைய கிளிபென்கிளமைடை நிறுத்தி வேறு சர்க்கரை மருந்துக்கு மாற்றினார், அதன் பிறகுதான் காப்ஸ்யூலைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை என்றால் மறந்துபோகும் என்று அவரே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார், ஆனோரத்தா சாலைக் காளியம்மன் கோயிலுக்கு வரும் நாள். கும்பிட்டுவிட்டு நேரே கடைக்கு வருவார், நெற்றியில் குங்குமத்தோடு விரலை நீட்டுவார், போன வாரம் 148. என் முன்னால்தான் விழுங்க வேண்டும் என்பது என் நிபந்தனை. ஒரு வாரம் மழையில் படகு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொன்னார்; சிரியத்துக்குப் பாலம் வந்து எத்தனை காலமாகிறது என்று கேட்டேன். இதுவரை பதினேழு வெள்ளி ஆகியிருக்கிறது, இன்னும் ஒன்பது பாக்கி.